உருகாமல் மிஞ்சும் நைலான் பொடி: லேசர் அச்சில் மறுபயன்பாடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பொடியை அடுக்கடுக்காக லேசரால் உருக்கி உறுப்பு செய்யும் லேசர் சின்டரிங் எந்திரத்தில் அச்சான நைலான் உறுப்பு கைக்கு வந்ததும், ஒட்டியிருக்கும் பொடியை ஊதித் தள்ளிவிட்டு அதன் பக்கச் சுவரில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன செயல். நல்ல பொடியில் உருவான சுவர், நுண்ணிய உப்புத்தாள் போல ஒரே சீரான சொரசொரப்புடன் இருக்கும். பொடி அளவுக்கு மீறிப் பழையதாகியிருந்தால் அதே சுவரில் சிறு குழிகளும் மேடுகளும் விரலில் தட்டுப்படும். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் பார்ப்பது போலவே இருக்கும். தொழிலிலும் இக்குறைக்கு ‘ஆரஞ்சுத் தோல்’ என்றே பெயர். மணல் வீச்சு கொடுத்தாலும் சாயம் ஏற்றினாலும் அது முழுதாக மறைவதில்லை. பார்வைக்கு வரும் இடத்தில் பொருத்த வேண்டிய உறுப்பாக இருந்தால், அதை ஒதுக்கிவிட்டு மறுபடியும் அச்சிடுவதைத் தவிர வழியில்லை.

இந்த ஆய்வு அந்தக் குறையிலிருந்து தொடங்குகிறது. இங்கே எடுத்துக்கொண்ட பொருள், 1989இல் தொடங்கப்பட்டு, மியூனிக் நகருக்கு அருகில் கிரைலிங் என்ற ஊரில் இயங்கும் இஓஎஸ் நிறுவனம் பிஏ 2200 என்ற பெயரில் விற்றுவரும் நைலான் 12 பொடி. நீண்ட காலமாகப் பல நாடுகளில் பயன்பட்டு, பலரால் ஆராயப்பட்ட பொடி என்பதால் அதைத் தேர்ந்துகொண்டேன். அச்சுக் கூடத்தில், அதாவது எந்திரத்துக்குள் பொடியைப் பரப்பி அச்சிடும் அறையில், உருகாமல் மிஞ்சும் பொடியை எந்த அளவில், எந்தச் சோதனைக்குப் பின் மறுபடியும் எந்திரத்தில் இடலாம் என்பதே கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘புதியது பாதி, பழையது பாதி’ என்று வழிவழியாக வரும் கலப்பு விகிதம், பொடி பட்ட சூட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒரு விதி. அதை மட்டும் நம்பி நடக்கும் பட்டறை, இன்னும் உழைக்கக்கூடிய பொடியைக் குப்பையில் கொட்டிக்கொண்டே, உழைத்து ஓய்ந்த பொடியில் உறுப்பு செய்துகொண்டும் இருக்கும். இரண்டு இழப்பும் ஒரே நாளில் நேரலாம்.

பொடியின் பிறப்பு

1980களின் நடுவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்ட் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் ஜோ பீமனும் உருவாக்கிய லேசர் சின்டரிங் முறையில், பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கைப் பரப்புகிறார்கள். பல பிளாஸ்டிக்குகளை முயன்று பார்த்தும் நைலான் 12 அளவுக்கு இம்முறைக்கு ஒத்துப்போன பொருள் வேறு எதுவும் அமையவில்லை. அதற்குக் காரணம், அப்பொடி தயாராகும் விதம். ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் நிறுவனம் நைலான் 12ஐ அழுத்தத்திலும் சூட்டிலும் எத்தனாலில் கரைத்து, மெல்லக் குளிரவைத்து மணிகளாகப் படியச் செய்கிறது. இப்படிப் படிந்த மணி, உருளைக்கிழங்கின் வடிவில், சராசரியாக 56 மைக்ரான் அளவில், கோலப்பொடி விரலிடுக்கில் வழிவது போலத் தடையின்றி வழியும். ஒருமுறை உருகிக் குளிர்ந்த நைலான் 12 ஏறத்தாழ 178 டிகிரி செல்சியஸில் மறுபடி உருகும். கரைசலிலிருந்து படிந்த இந்த மணியோ 185 டிகிரியை ஒட்டித்தான் உருகும். உருகிய பின் அது மறுபடி உறையத் தொடங்குவது 150 டிகிரி அளவில். இடையிலுள்ள இந்த முப்பது டிகிரிச் சொச்சம்தான் லேசர் சின்டரிங் என்ற தொழிலுக்கே இடம் கொடுக்கிறது.

இந்தப் பொடி எளிதில் கிடைக்கும் பொருளன்று என்பதை 2012ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு மார்ச் 31 அன்று மார்ல் வளாகத்தில், நைலான் 12க்கு மூலமான சைக்ளோடோடெக்காட்ரையீன் தயாரிக்கும் பிரிவில் நேர்ந்த வெடிப்பில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கார்களின் எரிபொருள் குழாய்களுக்கும் பிரேக் குழாய்களுக்கும் நைலான் 12 தேவை என்பதால், பெரும் கார் நிறுவனங்களே மாற்றுப் பொருள் தேடிக் கூடிப் பேசும் நிலை வந்தது. ஒரு வளாகத்தின் ஒரு பிரிவு நின்றால் உலகம் முழுவதும் தட்டுப்பாடு வரும் பொருளை, ஒவ்வொரு அச்சுக்குப் பின்னும் கிலோ கணக்கில் கழித்துக் கொட்டுவது சரியா என்பதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கூடத்துக்குள் ஒரு நாள்

ஓர் அச்சின் போது பொடிக்கு என்ன நேர்கிறது என்பதை நெருங்கிப் பார்க்காமல் மறுபயன்பாட்டைப் பற்றிப் பேச இயலாது. கூடத்தில் நைட்ரஜன் நிரப்பப்படுகிறது. பரப்பிய பொடியின் மேற்பரப்பை, மேலிருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் உருகுநிலைக்குச் சில டிகிரி கீழே, எந்திரத்துக்கேற்ப 170 டிகிரிக்குச் சற்று மேலே, நிலையாக வைத்திருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு லேசர் கொடுக்க வேண்டியது அந்த மீதிச் சூட்டை மட்டும்தான். ஓர் அடுக்கின் தடிமன் பொதுவாக 0.1 மில்லிமீட்டர்.

இப்போது ஒரு கணக்கு. 300 மில்லிமீட்டர் உயரத்துக்கு அச்சிட 3,000 அடுக்குகள் வேண்டும். ஓர் அடுக்குக்கு அரை நிமிடம் என்று வைத்தால் 25 மணி நேரம் ஆகும். முதல் அடுக்கில் விழுந்த பொடி அந்த 25 மணி நேரமும் சூட்டில் கிடக்கிறது. கடைசி அடுக்கில் விழுந்தது சில நிமிடங்களே கிடக்கிறது. அதன் பிறகு எல்லாம் சேர்ந்து மெல்லக் குளிர வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உறுப்புகள் வளைந்துவிடும் என்பதால், அச்சிட ஆன நேரத்துக்கு ஏறத்தாழச் சமமான நேரத்தைக் குளிர்விப்புக்கும் ஒதுக்குவது வழக்கம். நைலான் பொடி சூட்டை எளிதில் கடத்தாது. ஆகவே ஓரத்துப் பொடி முன்னதாகவே ஆறிவிடும்போது, நடுவிலுள்ள பொடி நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

குளிர்ந்த பொடித் திரளைத் தொழிலில் ‘கேக்’ என்பார்கள். அதை மேசையில் வைத்து உடைக்கும்போது இந்த வேறுபாடு கைக்கே தெரிகிறது. ஓரத்திலிருந்து விழும் பொடி தொட்டவுடன் உதிர்கிறது. உள்ளே போகப்போக, விபூதி உருண்டையைப் போல அழுத்தினால் மட்டும் உடையும் கட்டிகள் வருகின்றன. உறுப்புகளை ஒட்டியிருக்கும் பொடி, பிரஷ்ஷால் தேய்த்தால்தான் விடும் அளவுக்கு இறுகியிருக்கிறது. இவையெல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டி, ஒரே சல்லடையில் சலித்து, ‘ஒருமுறை பயன்பட்ட பொடி’ என்று ஒரே சீட்டை ஒட்டுவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. சலித்த பின் எல்லாம் ஒரே வெண்மையாக, ஒரே மாதிரி வழிகின்றன; கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. இவற்றோடு, பொடியைப் பரப்பும் கத்தி, பரப்பிய பொடிப் படுக்கைக்கு வெளியே தள்ளிவிடும் வழிவுப் பொடியும் உண்டு. படுக்கையின் மேற்பரப்பைக் கடந்து போன அந்தச் சிறு நேரம் மட்டுமே பெரும்பாலும் அது முழுச் சூட்டைப் பார்த்தது. அதையும் கேக்கின் நடுவிலிருந்து வந்த பொடியோடு சேர்த்துக் கொட்டும்போது, அதன் மதிப்பு அங்கேயே போய்விடுகிறது.

சூட்டில் நீளும் சங்கிலி

நைலான் 12 என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. அதன் ஒரு முனையில் அமீன் தொகுதியும் மறுமுனையில் கார்பாக்சில் தொகுதியும் இருக்கின்றன. உருகுநிலைக்குக் கீழே, மணி திடமாக இருக்கும்போதே, அருகருகே உள்ள இரு சங்கிலிகளின் இந்த முனைகள் சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு ஒன்றாகிவிடுகின்றன. வெளியேறிய நீர் சூட்டில் ஆவியாகி நைட்ரஜனோடு போய்விடுவதால் வினை திரும்பி வருவதில்லை. பல மணி நேரம் இது தொடரும்போது சங்கிலிகளின் சராசரி நீளம் கூடிக்கொண்டே போகிறது.

சங்கிலி நீள்வதால் என்ன கெடுதி என்று தோன்றலாம். உருகிய பிளாஸ்டிக்கின் பிசுபிசுப்பு, சங்கிலியின் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4 என்ற அடுக்குக்குறியில் கூடுகிறது. சராசரி எடை இரட்டித்தால் பிசுபிசுப்பு பத்து மடங்கைத் தாண்டுகிறது. லேசர் கடந்து போன பின், பக்கத்துப் பக்கத்து மணிகள் உருகி, ஒன்றுக்குள் ஒன்று கலந்து, சமமாகப் பரவக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அழுத்தம் கொடுக்கவும் இங்கே எதுவுமில்லை. மேற்பரப்பு இழுவிசை ஒன்றே அந்த வேலையைச் செய்கிறது. புதிய மணி தண்ணீர்த் துளி போலப் பரவிவிடுகிறது. பழைய மணி பாகு போல அசைய மறுக்கிறது. புதியதும் பழையதும் கலந்து கிடக்கும் சுவரில், சீக்கிரம் பரவும் இடமும் பரவாத இடமும் மாறி மாறி வருவதால் குழியும் மேடும் உண்டாகின்றன. இதுதான் ஆரஞ்சுத் தோல்.

ஆக்சிஜன் பட்டு மஞ்சளாவது இதிலிருந்து வேறான நிகழ்வு. நைட்ரஜன் சரியாக நிரம்பிய கூடத்தில் பொடி வெள்ளையாகவே இருக்கும். ஆனால் முனைகள் சேர்ந்து சங்கிலி நீள்வதை நைட்ரஜன் தடுக்காது. பொடி வெளுப்பாக இருக்கிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் தவறான அடையாளத்தைப் பார்க்கிறார்கள்.

அளந்து பார்த்தவர்கள்

இந்தச் சிக்கலை முறையாக அளந்த ஆய்வுகளில், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஃபாம், டோட்சேவ், யூசாஃப் ஆகியோர் செய்து 2008, 2009 ஆண்டுகளில் வெளியிட்டவை எனக்கு மிகவும் பயன்பட்டவை. அவர்கள் புதிய பொடி, கேக்கின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த பொடி, வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு நேரம் அடுப்பில் வைத்த பொடி ஆகியவற்றின் உருகோட்ட வீதத்தை, அதாவது உருகிய பொருள் குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட எடையின் கீழ், ஒரு சிறு துளை வழியே பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியேறுகிறது என்பதை, ஒப்பிட்டார்கள். சூடும் நேரமும் கூடக்கூட இந்த வீதம் தெளிவாகச் சரிந்தது. புதிய பிஏ 2200 பத்து நிமிடத்தில் 50 கிராமுக்கு மேல் ஓடுகிறது. இருபதுகளின் நடுவுக்குக் கீழே இறங்கும்போது ஆரஞ்சுத் தோல் தலைகாட்டத் தொடங்குகிறது. அவர்களுடைய பரிந்துரையும் இதை ஒட்டியதே: மிஞ்சிய பொடியை அது இருந்த இடத்தின்படியும் ஓட்ட வீதத்தின்படியும் தரம் பிரித்து, குறித்த வீதம் வரும் வரை மட்டும் புதுப்பொடி கலக்க வேண்டும்.

ஒரு செய்தி பலரைத் திகைக்க வைக்கும். பழம்பொடியில் அச்சான உறுப்பு வலுக் குறைந்ததாக இருக்கும் என்று எளிதில் நினைத்துவிடுகிறோம். லஃப்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒருமுறை பயன்பட்ட பொடியில் அச்சான சோதனைத் துண்டுகள் புதுப்பொடித் துண்டுகளைவிட அதிகமாக நீண்டே அறுந்ததைக் காட்டியது. நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று அதிகம் பின்னிக்கொள்வதால் இது பொருளறிவியலுக்கு ஒத்ததே. அதாவது, பொடி பழையதாவதன் முதல் அடையாளம் மேற்பரப்பில்தான் வருகிறது. வலுவில் வருவதற்கு இன்னும் நாள் பிடிக்கும். இழுவைச் சோதனையில் தேறிவிட்டது என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பொடி நன்று என்று கையொப்பமிடுவது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. அதே நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத உள்ளுறுப்புகளுக்குச் சற்று வயதான பொடி முற்றிலும் போதும் என்பதற்கும் இதுவே சான்று. எல்லா உறுப்புக்கும் ஒரே தரப் பொடி என்று கட்டாயமாக்குவது வீண் செலவு.

பாதிக்குப் பாதி என்ன செய்கிறது

இனி விகிதத்தைப் பார்ப்போம். 340 மில்லிமீட்டர் நீளமும் அகலமும் 600 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கூடத்தை எடுத்துக்கொள்கிறேன். இது நடுத்தர எந்திரங்களில் வழக்கமான அளவு. முழுதாக நிரம்பினால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 69 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கை உறுப்புகள் நிரப்புகின்றன என்று கொள்வோம். உறுப்பின் அடர்த்தி லிட்டருக்கு 0.93 கிலோ, தளர்ந்த பொடியின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.45 கிலோ. கணக்கிட்டால் உறுப்புகளின் எடை ஏறத்தாழ 6.4 கிலோ, உருகாமல் மிஞ்சும் பொடி 28 கிலோ, மொத்தம் 34.5 கிலோ.

அடுத்த அச்சுக்கும் அதே 34.5 கிலோ வேண்டும். பாதி புதியது என்றால் பழம்பொடியில் 17 கிலோச் சொச்சமே செலவாகும், ஏறத்தாழ 10.8 கிலோ போக வழியின்றிச் சேரும். ஒரு கிலோ உறுப்புக்கு 1.7 கிலோ கழிவு என்பது இதன் பொருள். கழிவு, உறுப்பைவிட அதிகம். புதுப்பொடியின் பங்கை 30 விழுக்காடாகக் குறைத்தால் கழிவு 4 கிலோவுக்கு இறங்குகிறது. 19 விழுக்காட்டை ஒட்டிக் குறைத்தால் மிஞ்சுவது முழுவதும் அடுத்த அச்சிலேயே செலவாகிவிடுகிறது. அந்த 19 விழுக்காடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், மொத்த எடையில் உறுப்புகளாக வெளியேறும் பங்கு அதுவேதான். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமானால் கிடங்கில் எதுவும் சேராது. இக்கணக்கில் கையோடு ஒட்டிப் போகும் பொடி, சல்லடையில் தங்கும் கட்டி, கீழே சிந்துவது ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. அவற்றையும் சேர்த்தால் சமநிலை 20 விழுக்காட்டுக்குச் சற்று மேலே அமையும்.

கூடத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக இருபதில் ஒரு பங்கையே உறுப்புகள் நிரப்பினால் கதை மோசமாகிறது. உறுப்பு 3.2 கிலோ, பாதிக்குப் பாதிக் கலப்பில் கழிவு 13 கிலோ, அதாவது உறுப்பைப் போல நான்கு மடங்கு. நூறில் 15 பங்கை நிரப்ப முடிந்தால் கழிவு உறுப்பின் எடையைவிடக் குறைந்துவிடுகிறது. பொடியை மிச்சப்படுத்த நினைப்பவர், கலப்பு எந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், உறுப்புகளைக் கணினியில் அடுக்குபவரின் திரையைப் பார்க்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உருகிய பொருள் அதிகமாக அதிகமாகக் கேக்கின் நடுவே சேரும் சூடும் அதிகமாகி, குளிர்வது தாமதமாகிறது. இடையிலுள்ள பொடி மேலும் வயதாகிறது. நெருக்கமாக அடுக்குவதால் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி இப்படிக் கழிந்துபோகிறது.

கலப்பு விகிதம் வயதை எப்படிப் பங்கிடுகிறது என்பது இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு முறையும் பாதி புதியதைச் சேர்த்து நன்றாகக் கலந்தால், சில சுற்றுகளுக்குப் பின் எந்திரத்தில் இருக்கும் பொடியில் பாதி புதியது, கால் பங்கு ஒருமுறை சூட்டைக் கண்டது, எட்டில் ஒரு பங்கு இருமுறை கண்டது என்று போகும். ஐந்து முறையோ அதற்கு மேலோ சூட்டைக் கண்ட மணிகள் 3 விழுக்காடு. புதுப்பொடியை 20 விழுக்காடாகக் குறைத்தால் அப்படிப்பட்ட மணிகள் 33 விழுக்காடாகிவிடுகின்றன. பத்து முறையோ அதற்கு மேலோ கண்டவை மட்டுமே பத்தில் ஒரு பங்குக்கு மேல். கழிவே சேராத சமநிலைக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் இடையிலுள்ள இழுபறி இந்த எண்களில்தான் இருக்கிறது. பாதிக்குப் பாதி என்ற விதி, எந்தச் சோதனையும் செய்யாதவரும் பிழைத்துக்கொள்ளும்படி போதுமான இடைவெளி விட்டு அமைந்த விதி. அந்த இடைவெளிக்கான விலை, ஒவ்வொரு அச்சிலும் சேரும் அந்த 10.8 கிலோ.

‘ஒருமுறை’ என்ற அலகே இங்கே ஏமாற்றுவது. ஐந்து மணி நேரத்தில் முடியும் குட்டையான அச்சும் ஒருமுறைதான். முப்பது மணி நேரம் ஓடும் முழு உயர அச்சும் ஒருமுறைதான். வினையின் வேகம் சூட்டோடு படியேறுவது போலக் கூடுவதால், படுக்கை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் அதுவும் வயதைக் கூட்டும். எத்தனை முறை என்று எண்ணுவதைவிட எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் என்று எழுதிவைப்பதே பொடிக்குச் செய்யும் நியாயம்.

பொடியையே மாற்றினால்

வேதியியலில் இதற்கு ஒரு விடை இருக்கிறது: சங்கிலி முனைகளை முன்கூட்டியே அடைத்துவிடுவது. முனை சேர வழியில்லாதபோது சங்கிலி நீள்வது பெரிதும் நின்றுபோகும், பொடியைப் பலமுறை பயன்படுத்தலாம். ஆனால் உருகிய பின்னும் முனைகள் சேர்வதுதான் ஓர் அடுக்கை அடுத்த அடுக்கோடு தைப்பதில் ஒரு பங்கு வகிக்கிறது. முனையை அடைக்கும்போது அந்த உதவியையும் கொஞ்சம் இழக்கிறோம். ஹெச்.பி. நிறுவனத்தின் மல்டி ஜெட் ஃபியூஷன் முறையில் லேசர் இல்லை; மையும் அகச்சிவப்பு விளக்கும் அந்த வேலையைச் செய்கின்றன. அந்நிறுவனம் தன் நைலான் 12க்கு 80 விழுக்காடு பழம்பொடி, 20 விழுக்காடு புதுப்பொடி என்ற விகிதத்தை அறிவித்தது. மேலே கண்ட சமநிலைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த 20 எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் நைலான் 11க்கும் இதே வயதாகும் குணம் உண்டு. அதன் மூலவிதையில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது என்பதால், அதை வீணாக்குவது நம் வயலில் விளைந்ததை வீணாக்குவது என்றே எனக்குப் படுகிறது. மறுகோடியில் பீக் என்ற, உயர்ந்த சூட்டில் உருகும் பிளாஸ்டிக் இருக்கிறது. 343 டிகிரியில் உருகும் அந்தப் பிளாஸ்டிக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பொடிகளை அச்சிட இஓஎஸ் உருவாக்கிய பி 800 எந்திரத்தின் கூடம் 385 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் ஒரே அச்சிலேயே பொடி பெருமளவு மாறிவிடுவதால், மிஞ்சியதை மறுபடி பயன்படுத்துவது அங்கே பெரும்பாலும் இயலாத காரியம். பீக்கின் விலையைப் பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய தடை என்பது விளங்கும்.

கூடத்துக்கு வெளியே

லேசருக்கு உதவாத பொடி வேறு எதற்கும் உதவாது என்று பொருளில்லை. ஆரஞ்சுத் தோலை உண்டாக்கும் அதே நீண்ட சங்கிலியை, உருகிய பிளாஸ்டிக்கை வார்ப்புக்குள் செலுத்தும் ஊசிவார்ப்பு எந்திரத்தின் திருகு அழுத்தித் தள்ளிவிடும். 2021 மார்ச் மாதம் ஃபோர்டு நிறுவனமும் ஹெச்.பி. நிறுவனமும் சேர்ந்து இதற்கு ஒரு நல்ல சான்றை அறிவித்தன. பல்வரிசை சீராக்கும் கவசங்களுக்கான அச்சுகளை ஸ்மைல்டைரக்ட்கிளப் நிறுவனம் அறுபதுக்கும் மேற்பட்ட ஹெச்.பி. எந்திரங்களில் அச்சிட்டு வந்தது. பயன்பட்டுத் தீர்ந்த அந்த அச்சுகளையும் ஃபோர்டின் சொந்தக் கூடங்களில் மிஞ்சிய பொடியையும் சேர்த்து, லாவெர்ன் நிறுவனம் குருணையாக்கியது. அதிலிருந்து சூப்பர் டியூட்டி எஃப்-250 சரக்கு வண்டிகளின் எரிபொருள் குழாயைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்புகள் வார்க்கப்பட்டன. அவை முன்பிருந்த கிளிப்பைவிட 7 விழுக்காடு எடை குறைந்தவை, 10 விழுக்காடு விலை குறைந்தவை என்று ஃபோர்டு தெரிவித்தது. 2012இல் நைலான் 12 தட்டுப்பாட்டால் கார்த் தொழில் கலங்கியதும் எரிபொருள் குழாய் விஷயத்தில்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லேசரால் அச்சிடாவிட்டாலும் இது அதே பொடியின் கதை என்பதால் இங்கே சேர்த்தேன். ஆனால் இந்த வழியை ஒரு சிறு பட்டறை அப்படியே பின்பற்ற முடியாது. குருணையாக்குபவருக்கு டன் கணக்கில், ஒரே வகையான, கலப்படமில்லாத பொருள் வேண்டும். கண்ணாடி மணி கலந்த பொடியையோ அலுமினியம் கலந்த பொடியையோ வெறும் நைலானோடு ஒரே டிரம்மில் கொட்டிவிட்டால் வாங்க ஆள் இருக்காது. வழங்குபவர் நிலைத்திருப்பதும் உறுதியில்லை: ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் தன் தொழிலை மூடிவிட்டது. ஆகவே, கூடத்துக்குள்ளேயே எவ்வளவு பொடியைச் செலவழிக்க முடியுமோ அவ்வளவையும் செலவழித்த பிறகு எஞ்சுவதற்கு மட்டுமே வெளி வழியைத் தேட வேண்டும் என்பது என் நிலை.

பட்டறையில் செய்யக்கூடியது

அச்சு முடிந்ததும் பொடியை மூன்றாகப் பிரிப்பது முதல் வேலை: வழிவுப் பொடி, கேக்கின் ஓரம், கேக்கின் நடு. மூன்று டிரம், மூன்று சீட்டு. சீட்டில் அச்சு ஓடிய மணி நேரம், படுக்கையின் சூடு, குளிர்வித்த நேரம் ஆகியவை இருக்க வேண்டும். பிரிக்க ஆகும் நேரம் கூடுதலாக அரை மணிக்கு மேல் போகாது. நுண்ணிய நைலான் தூசி காற்றில் மேகமாக எழுந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடியது. சலிக்கும் இடத்தில் மின்னூட்டத்தை நிலத்துக்குக் கடத்தும் தரைத்தொடுப்பும் முகக்கவசமும் எப்போதும் வேண்டும்.

பிறகு அளவீடு. இதற்கு வேண்டிய கருவி எளியது: சூடாக்கிய ஓர் உருளை, அதன் அடியில் 2.095 மில்லிமீட்டர் துளை, மேலே 2.16 கிலோ எடை தாங்கிய உந்துதண்டு. நைலான் 12க்கு உருளையை 235 டிகிரியில் வைப்பார்கள். அளக்குமுன் பொடியை நன்றாக உலர்த்த வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் நீர் சங்கிலியை வெட்டிவிடும். முனைகள் சேர்ந்தபோது வெளியேறிய நீரே இப்போது திரும்பி வந்து எதிர்வேலை செய்வது போன்றது அது. வெட்டுண்ட சங்கிலி எளிதாக ஓடும், கிழட்டுப் பொடி இளமையாகத் தெரியும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த டிரம்மிலிருந்து நேராக எடுத்து அளந்துவிட்டு, நல்ல எண் வந்ததே என்று மகிழ்ந்து அச்சிட்டவர்களுக்கு ஆரஞ்சுத் தோல் கிடைப்பது இப்படித்தான்.

உலர்ந்த பொடியில் சில கிராமை உருளையில் இட்டு, குமிழில்லாமல் அழுத்தி, சில நிமிடம் உருகவிட்டு எடையை ஏற்றினால், துளையிலிருந்து நூல் போல நைலான் இறங்குகிறது. புதுப்பொடி தேன் போலச் சரசரவென்று இறங்கி அடியில் சுருள்கிறது. வயதான பொடி தடித்த நூலாக, தயங்கித் தயங்கி வருகிறது. முப்பது வினாடிக்கு ஒருமுறை நூலை வெட்டி, ஆறவைத்து, துல்லியத் தராசில் வைக்க வேண்டும். ஒரு துண்டு 1.25 கிராம் இருந்தால் பத்து நிமிடத்துக்கு 25 கிராம் என்று ஆகிறது. துண்டின் எடை 2 கிராமை நெருங்கினால் அந்த டிரம்முக்குப் புதுப்பொடி மிகக் கொஞ்சமே போதும்; வழிவுப் பொடி பெரும்பாலும் இந்த வகையில் வரும். 1.25ஐ ஒட்டி இருந்தால், பார்வைக்கு வராத உறுப்புகளுக்கென்று ஒதுக்கிவைத்து, புதுப்பொடியைத் தாராளமாகக் கலந்து, கலவையை மறுபடி ஒருமுறை அளந்துவிட்டே எந்திரத்தில் இட வேண்டும். ஒரு கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டால், நடுக் கேக்கின் அந்த டிரம்மை மூடி, பொருளின் பெயரையும் ‘கலப்பில்லாத நைலான் 12’ என்பதையும் மேலே எழுதி, வார்ப்புக்குப் போகும் வரிசையில் நிறுத்திவிடலாம்.